ஒலிபெருக்கியில் வராத பெயர்

பந்து ஹென்னிங்கின் நெற்றியில் மோதி வலைக்குள் போய் விழுந்து கிடக்கிறது. பதினொரு வருடமாக இந்த நான்காம் பிரிவுக் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரனாக இருப்பவனுக்கு இதுதான் முதல் கோல். நவம்பர் மழை, பிற்பகலிலேயே விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். நெற்றி இன்னும் எரிகிறது. ஆனால் பக்கத்தில் சேற்றில் சறுக்கி விழுந்து எழுகிறவன் டிம்மோ, எப்போதும் கோல் போடுகிற முன்கள ஆட்டக்காரன். மழை வழியும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அறிவிப்பாளருக்கு அது போதும். "நம்ம ஒன்பதாம் நம்பர், டிம்மோ..." என்று இழுத்து நிறுத்துகிறார். மீதிப் பெயரைக் கூட்டம் சொல்ல வேண்டும். மூன்று முறை அப்படிச் சொல்வது இங்கே வழக்கம். "பார்ட்டெல்" என்று அதிர்கிறது பார்வையாளர் மாடம்.

"என் மேல படவே இல்லடா. போய்ச் சொல்லிட்டு வரேன்," என்கிறான் டிம்மோ. "விடு. சொன்னா மட்டும் என்ன ஆயிடப் போகுது?" பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறான் ஹென்னிங். இரண்டாம் முறையும் "பார்ட்டெல்" என்கிறது கூட்டம். கம்பிவேலிக்கு அப்பால், கடுகுச் சாஸ் வழியும் சாசேஜைக் கையில் பிடித்தபடி ஒரு தொப்பிக்காரர் கத்துகிறார்: "ஏய் ரோலொஃப், அவன் கோல் போட்டா உனக்கு அங்க என்னடா வேலை? பின்னாடி போய் நில்லு." ஹென்னிங் ரோலொஃப் அவருக்குப் பதில் சொல்ல வாயைத் திறக்கிறான். "டிம்மோ..." என்று மூன்றாம் முறை அழைக்கிறது ஒலிபெருக்கி. திறந்த வாயிலிருந்து, பதினொரு வருடப் பழக்கத்தில், கூட்டத்தோடு சேர்ந்து "பார்ட்டெல்" என்றுதான் வருகிறது.