விதைக்காய்

தொற்றுநோய்க்குப் பயந்து சந்தையை மூடினார்கள். வாங்க ஆளில்லாத ஆத்திரத்தில் அண்ணன்காரன் சுரைக்கொடிகளை வெட்டிச் சாய்த்து, பிஞ்சும் காயுமாக மாட்டுக்குப் போட்டான். ஒரே ஒரு கொடியை மட்டும் விட்டுவைத்தான். அதில்தான் அப்பா காலத்து நாட்டுச் சுரையின் விதைக்காய் சிவப்புத் துணி கட்டித் தொங்கியது. விதைக் கடைகளும் பூட்டிக் கிடந்ததால் ஊர்க் கண்ணெல்லாம் அதன்மேல். தொட்டவன் கையை முறிப்பேன் என்று அண்ணன்காரன் சொல்லி வைத்திருந்தான்.

சொன்னபடியே செய்தான்.

மத்தியானம் பந்தலடியில் தம்பிக்காரன் நின்றான், கையில் கத்தியும் அந்தச் சிவப்புத் துணியுமாக. அவன் கம்பெனி விதைக்கு மாறியதிலிருந்து மூன்று வருஷமாக அண்ணனுக்கு அவனோடு பேச்சே கிடையாது.

அண்ணன்காரனின் மண்வெட்டிக் காம்பு அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வீடுவரை கேட்டது. விழுந்தவன் விலாவில் இன்னும் இரண்டு போட்டான்.

"கடையைப் பூட்டினதும் அப்பா விதைக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்துட்டியாடா?"

தம்பிக்காரன் வாயிலிருந்து ரத்தம்தான் வந்தது.

அண்ணன்காரன் மனைவி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். "அடிக்காதீங்க. நம்ம காய் காலையிலேயே அழுகி விழுந்துடுச்சு. உங்க கோபத்துக்குப் பயந்து நான்தான் அவரைக் கூப்பிட்டேன். அப்பா விதையில ஒரு கொடி அவரும் வீட்டுக்குப் பின்னாடி வச்சிருக்காரு. அதுல முத்தின காயைக் கொண்டாந்து கட்டிக்கிட்டு இருந்தாரு."

அண்ணன்காரன் அண்ணாந்து பார்த்தான். முற்றிய சுரைக்காய் ஒன்று கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கீழே கிடந்தவன் மெல்ல வாய் திறந்தான்.

"முடிச்சை இன்னும் இறுக்கலண்ணே. புடிச்சுக்க, விழுந்துடும்."