விசுவலிங்கம் தேடும் பெயர்

மலேசியாவில், புக்கிட் ரோத்தான் செம்பனைத் தோட்ட அலுவலகத்தின் கம்ப்யூட்டர் காலையிலிருந்தே திணறியது. ஒரு விசையைத் தட்டினால் திரையில் எழுத்து வர நெடுநேரம் ஆனது.

"என்னக்கா இது, செம்பனை லோரி மேடு ஏறுற மாதிரி முக்குது லா," என்றாள் பக்கத்து மேசை லீலாவதி.

யார் அதை இப்படி இழுக்கிறார்கள் என்று விமலாதேவி திரையில் பார்த்தாள். ஏறக்குறைய முழுச் சக்தியையும் ஒரே ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். விசுவலிங்கம். அவளுடைய கணவர். போன வருடம் இறக்கும்வரை இதே அறையில் வேலை பார்த்தவர். அவர் பெயரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்க வேண்டாம் என்று மேனேஜரிடம் கெஞ்சியவளும் அவள்தான். தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

"யாராச்சும் அவரு பாஸ்வேர்டைப் போட்டு விளையாடுறாங்கக்கா. நிறுத்துங்க."

நிறுத்தினாள். அதே பெயரில் அதே வேலை மறுபடி தொடங்கியது. எல்லாத் தோட்டங்களின் ஆட்கள் விவரத்திலும் அது ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தது.

அமராவதி.

"யாருக்கா அது?"

"தெரியாது, பிள்ளை."

திருமணமான நாள் முதல் அந்தப் பெயரை அவர் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

லீலாவதி தேநீர் வாங்கப் போனாள். அலுவலகத்தார் பெயர்கள் இல்லாத அந்த ஆட்கள் விவரத்தில் விமலாதேவி புதிதாக ஒருவரைச் சேர்த்தாள். தன் பெயரையே எழுதினாள். பிறகு காத்திருந்தாள்.

பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் நகர்ந்தன. 'விமலாதேவி' வந்ததும் தேடல் நின்றது. சற்று நேரம் அப்படியே நின்றது.

பிறகு அடுத்த பெயருக்குப் போனது.