அட்டையில் மாசிலாமணி

"அட்டை ஓகே, அச்சுக்குப் போடுங்க" என்று சொல்வதற்காக ஸ்ரீநாத் போனை எடுத்தபோதுதான் அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். வழுக்கைத் தலை, கீழே தொங்கும் மீசை, மடிந்த வலது காது. கம்ப்யூட்டரில் இருந்த அட்டைப்படம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"மேசைக்கடி மாசிலாமணி!" வாய் தவறி வந்துவிட்டது.

பெரியவர் கோபப்படவில்லை. "பேரு கஜபதி தம்பி. நசரத்பேட்டைலர்ந்து வர்றேன்" என்றார்.

ஸ்ரீநாத்தின் அப்பா ரவிச்சந்திரன் 'சுருக்' என்ற பெயரில் முப்பது வருடம் வாராவாரம் வரைந்த படக்கதையின் நாயகன்தான் மாசிலாமணி. மேசைக்கு மேலே ஃபைல், அடியில் நீட்டிய கை. லஞ்சம் வாங்குகிற எவனையும் ஊரே அந்தப் பெயரில்தான் கூப்பிட்டது. அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. மொத்தக் கதைகளையும் ஒரே புத்தகமாகப் போடுவதற்காக, அம்பத்தூர் கம்பெனிக்குப் பத்து நாள் லீவு சொல்லிவிட்டு கொரட்டூர் வீட்டில் உட்கார்ந்திருந்தான் மகன்.

"என்ன விஷயம் சார்?" உட்காரச் சொல்லவில்லை.

"புக்கு வருதாமே. பேத்தி போன்ல அட்டையக் காட்டுச்சு. உள்ள இன்னா வேணா போட்டுக்கங்க. அட்டைல மட்டும் என் மூஞ்சி வேணாம் தம்பி."

"அது உங்க மூஞ்சி இல்லை சார். மாசிலாமணி மூஞ்சி."

"எனுக்கும் அவனுக்கும் ஒரே மூஞ்சியாப் பூட்ச்சே."

பெரியவரே தொடர்ந்தார்.

"ரேஷன் கடை, டீக்கடை, எங்க போனாலும் மாசிலாமணிதான். என் பொண்ணைப் பாக்க வந்தவங்க, என்னைப் பாத்ததும் சிரிச்சுட்டாங்க. சம்பந்தம் நின்னு பூட்ச்சு. உங்கப்பாவோட அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்தேன். பின்னாடி நின்னுகினு இருந்தவனை ஒருத்தன் கண்டுபுட்ச்சு, 'கையை மேசைக்கு அடியில நீட்டுங்க'ன்னு போட்டோ எடுத்தான்."

"நீட்டினீங்களா?"

"செத்தவங்களுக்கு நடக்கிற கூட்டத்துல இன்னாத்துக்குத் தகராறுன்னு நீட்னேன்."

அந்தப் போட்டோவை ஸ்ரீநாத் பார்த்திருந்தான். யாரோ வேஷம் போட்டு வந்த ரசிகர் என்று நினைத்து, புத்தக விளம்பரத்தோடு சேர்த்து அவனே பகிர்ந்தும் இருந்தான்.

"இத்தனை வருஷம் பேசாம இருந்துட்டு, இப்ப ஏன் வந்தீங்க?"

"பேத்தி எழிலரசி பரீட்சை எழுதி கவர்மென்ட் வேலை வாங்கிகீது. திங்கக்கெழம சேரணும். இந்தக் காதும் மூக்கும் அப்பிடியே அதுக்கும் கீது தம்பி. மொத நாளே யாராச்சும் இந்த புக்கக் கொண்டாந்து அது மேசைல வெச்சா, கொழந்த இன்னா பண்ணும்?"

ஸ்ரீநாத்துக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. செய்வதையும் செய்துவிட்டு, செத்தவரின் உழைப்பை மறைக்க வேறு வந்திருக்கிறாரே!

"எங்கப்பா பேட்டிக்குப் பேட்டி சொல்லியிருக்கார். மனைப் பட்டாவுக்கு அலைஞ்சப்போ ஒரு கிளார்க் கவர் கேட்டான், அவனைத்தான் வரைஞ்சேன்னு. அந்தக் கிளார்க் நீங்கதானே?"

கஜபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுவரில் மாலையோடு இருந்த ரவிச்சந்திரனின் படம் கண்ணில் பட்டது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"அந்த ஆபீசுல கிளார்க்கா இருந்தது நாந்தான்."

"அப்புறமென்ன? உங்க பேத்தியையாவது மேசைக்கு அடியில கை நீட்டாம இருக்கச் சொல்லுங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க."

சொன்ன பிறகு அவனுக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

"உங்கப்பாவுக்கு நல்ல கை தம்பி. ரெண்டே கோட்டுல என் காதைக் கொண்டாந்துடுவாரு." அவ்வளவுதான் சொன்னார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாகப் படி இறங்கினார்.

ஸ்ரீநாத் அச்சகத்துக்குப் பேசி, அட்டைக்கு ஓகே சொல்லி முடிப்பதற்கும் அம்மா சுலோசனா வருவதற்கும் சரியாக இருந்தது. மாங்காடு கோவிலுக்குப் போய் வந்தவள் முகத்தில் கோவிலுக்குப் போய் வந்த களையே இல்லை.

"கஜபதி எதுக்குடா வந்தார்? கீழே பார்த்தேன். கண்ணைத் துடைச்சிட்டுப் போறார்."

"உனக்கு அவரைத் தெரியுமா?"

நடந்ததைச் சொன்னான். பிரசாதப் பையைக் கூடக் கீழே வைக்காமல் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாவி, இப்படியா பேசி அனுப்புவே?"

"கவர் கேட்டவர்கிட்ட வேற எப்படிம்மா பேசறது?"

"கஜபதி கேக்கவே இல்லைடா. சீக்கிரம் பட்டா கிடைக்கும்னு நாங்களா யோசிச்சது. நான்தான் பணத்தை மடிச்சு வெச்சு, ஒட்டி, உங்கப்பா கையில குடுத்தனுப்பினேன்."

"அப்பா லஞ்சம் குடுத்தாரா?"

"நீட்டினார். 'எடுத்துட்டுப் போங்க சார், உங்க முறை வரும்போது பட்டா வரும்'னு எல்லார் எதிர்லயும் கஜபதி சொல்லிட்டார். உங்கப்பாவால அந்த அவமானத்தைத் தாங்க முடியலை."

"இத்தனை வருஷமா ஏம்மா நீ வாயைத் திறக்கலை?"

"மாசிலாமணி போட்ட சோறுதானேடா நாம சாப்பிட்டது?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஒட்டினது பிரியாம அந்தக் கவர் வீட்டுக்குத் திரும்பி வந்துச்சு. அதோட பின்பக்கத்துலதான்டா உங்கப்பா முதல் மாசிலாமணியை வரைஞ்சார்."