வாசம் பார்ப்பவன்

அவன் குனிந்து முகர்ந்தான்.

அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். மூக்கில் அறைந்தது.

சிலிண்டர் மாறி வந்திருக்கிறது. சந்தேகமே இல்லை. ஆய்வகத்துக்கென்று வரும் பியூட்டேனுக்கு வாசம் கிடையாது. இது அடுப்பெரிக்கிற வாயு. கசிந்தால் தெரியட்டும் என்று கந்தகம் சேர்த்தது.

கந்தகம் பட்டால் பிளாட்டினம் செத்துவிடும். விஷம் ஏறிவிட்டது என்பார்கள் இங்கே.

மேசையில் வான்மதியின் கருவி. தீப்பெட்டி அளவுதான். உள்ளே பிளாட்டினம் பூசிய பீங்கான். வாயுவும் காற்றும் அதன்மேல் தவழ்ந்து, சுடரே இல்லாமல் எரியும். அந்தச் சூட்டில் ஒரு சின்ன மெத்தை கதகதக்கும். ஒரு விளக்குக்கும் மின்சாரம் கிடைக்கும்.

மலைப்பாதை ஆம்புலன்ஸில் வரும் பச்சைக் குழந்தைகளுக்காக.

அவன் செய்த கருவி நாற்பது மணி நேரத்தில் படுத்துவிட்டது. அவளுடையது தொள்ளாயிரத்தைத் தாண்டி ஓடுகிறது.

"உன்னுது சீக்குக் கோழி. அவளுது குடும்பமே நடத்துது பாரு" என்றார் பேராசிரியர், எல்லார் முன்னாலும். எல்லாரும் சிரித்தார்கள். அவனும்தான்.

அவனுக்கு இங்கே ஏழு வருஷம். அவளுக்கு இரண்டு.

நேற்று சாயங்காலம் யாரும் இல்லாதபோது அதைத் தொட்டுப் பார்த்தான். பார்வைக்கு அணைந்ததுபோலத்தான் இருந்தது. விரல் கொப்பளித்துவிட்டது.

பதினொரு மணிக்கு வால்பாறையிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால் இந்த மழைக்கே வண்டியில் ஏறிவிடும்.

அவள் பெயரோடு.

கொரோனாவில் வான்மதிக்கு மூக்கு போனது. மல்லிகையும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். அதனால் காலையில் புது சிலிண்டரை மாட்டுமுன் அவனைத்தான் கூப்பிடுவாள். அவன் வால்வைத் துளி திறந்து முகர்ந்து சொல்வான். அப்புறம்தான் மாட்டுவாள்.

இரண்டு வருஷமாக அவன் மூக்குதான் அவளுக்கும் மூக்கு.

"வாசம் வருதுங்களாண்ணா?"

அவன் வால்வை மூடினான்.

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேலை. சிலிண்டரை மாற்றி அனுப்பியது கடைக்காரன். பழி அங்கே போய்விடும். டாக்டர்கள் படியேறும்போது விளக்கு மங்கத் தொடங்கியிருக்கும்.

சிலிண்டரை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஒண்ணுமில்ல அம்மிணி. மாட்டிக்கோ."

அவள் மாட்டவில்லை.

ரப்பர் குழாயைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

"நல்லாப் பாத்தீங்களாண்ணா?"

"அதான் சொல்றனில்ல."

குழாயை மேசைமேல் வைத்தாள்.

பிறகு, மெதுவாக, துப்பட்டா நுனியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.