கேட்டுக்குக் குறுக்கே ஒரு நாற்காலி

“அந்த ஊசி போட்டா பொண்ணுங்களுக்கு நாளைக்குப் புள்ளையே பொறக்காதாம். வாட்ஸ்அப்புல வந்துருக்குது. சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்!”

ஜூஜுவாடியில் அந்தப் பன்னிரண்டு லைன் வீடுகளுக்கும் ஓனர் தீர்த்தகிரி. கேட்டுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடியிருக்கும் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே ஷாமியானாவில் பெண் பிள்ளைகளுக்கான எச்.பி.வி. தடுப்பூசி இலவச முகாம் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

மகளோடு முகாமுக்குக் கிளம்பிய பூங்கொடி அப்படியே நின்றுவிட்டாள். தூத்துக்குடியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து இங்கே குடியிருப்பவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஊர்ப் பேச்செல்லாம் வாங்கிய பிறகு பிறந்த ஒரே பெண். அந்த வலி மகளுக்கும் வரலாமா?

ஆள் வராததைப் பார்த்து நர்ஸ் சுஜாதாவே கேட்டுக்கு வந்துவிட்டாள்.

“யக்கா, வம்பு ஊசியால இல்லீங்க, எச்.பி.வி.ங்கற வைரஸாலதான். பெரியவங்களானப்புறம் தாம்பத்தியத்துல ஒட்டிக்கும். கர்ப்பப்பை வாயில புத்துநோய் வந்தா கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். ஆம்பளைங்களுக்கும் விந்தணு கெடலாம்னு சொல்றாங்க. ஊசி அந்தக் கிருமியத்தான் தடுக்கும். புள்ள பொறக்கறத இல்ல.”

“நெசமாவா சிஸ்டர்?” என்றாள் பூங்கொடி.

தீர்த்தகிரி விடவில்லை. “சம்பளம் வாங்கற நர்சம்மா வேற எப்படிப் பேசும்? எம் பொண்ணா இருந்தா அந்தப் பக்கமே விடமாட்டேன்!”

பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பூங்கொடியும் மகள் கையைப் பிடித்துத் திரும்பினாள்.

அப்போது மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள் தர்ஷினி. தீர்த்தகிரியின் மகள், ஒன்பதாம் வகுப்பு. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடி, ஷாமியானாவில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள்.

தீர்த்தகிரி பதறி எழுந்தார். “ஏய், அங்க என்ன பண்ற?”

அவள் ஒரு மஞ்சள் அட்டையை ஆட்டிக் காட்டினாள். “இன்னைக்கு ரெண்டாவது ஊசிதானேப்பா? இதுக்கு மறுபடியும் பார்டர் தாண்டி அத்திபெலே ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? வாங்க, போன தடவை மாதிரியே என் கையைப் புடிச்சுக்கங்க!”

தீர்த்தகிரி செல்போனில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூங்கொடிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“போய்ப் பிடிங்க அண்ணாச்சி. அப்படியே அந்த நாற்காலியையும் எடுத்துட்டுப் போங்க. எங்க பிள்ளைகளும் வரணும்லா!”