நீங்களும் கைதட்டினீங்க

திரையில், கணவன் சேலை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பதைப் பார்த்த மனைவி, தாலியைக் கழற்றி வீசிவிட்டுப் போனாள். மலேசியாவின் ஈப்போ நகரத் தியேட்டரே கைதட்டியது. சன்னாசியும் தட்டினான், பலமாகவே.

வீடு திரும்பும் ஜெலாப்பாங் பஸ்ஸில் அவன் மனைவி நவமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். காலை ஷிப்ட் முடித்து நேரே படத்துக்கு வந்தவள்.

"படம் புடிக்கலயா?" என்றான்.

"அவ போனது சரின்னு நெனக்கிறீங்களா?"

"பின்ன? எந்தப் பொம்பள இத சகிச்சுக்குவா லா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கும் அலுத்துப் போச்சு. இனிமே என்னால முடியாது."



வீட்டுக்கு வந்ததும் நவமணி அலமாரியைத் திறந்து, தன் சேலைகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

"தைப்பிங்குக்கா? அம்மா வீட்டுக்குப் போறியா?" சன்னாசி அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

நவமணி அடியிலிருந்த நீலச் சேலையை மட்டும் உருவி, அவன் கையில் வைத்தாள்.

"பதினோரு வருசமா நான் இல்லாதப்ப இத கட்டிட்டு, எவ்வளவு அழகா மடிச்சு வைக்கிறீங்க. நான் ஒருநாளும் இப்படி மடிச்சதில்ல. தெரியாத மாதிரியே இருந்து அலுத்துப் போச்சு லா. இனிமே நீங்களாவது கைதட்டாதீங்க."