கேமராவுக்கு நேர் எதிரே

மொபைலில் அம்மா வீட்டுக் கேமராவைப் பார்த்ததும் சங்கர்ராமுக்கு ரத்தம் கொதித்தது.

மட்டாஞ்சேரி வீட்டுக் கூடத்தில் அம்மா காமாக்ஷி நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கென்று வைத்திருக்கும் வசந்தியோ, அம்மாவின் கட்டிலில் காலை நீட்டிப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொபைலில் மைக்கை அழுத்தினான். எர்ணாகுளம் ஆபீஸில் அவன் பேசியது, மட்டாஞ்சேரிக் கூடத்தில் கேமரா வழியாக அதிர்ந்தது.

"வசந்தி, அங்கே யாருக்கு யார் வேலைக்காரி?"

அவள் மெதுவாக எழுந்தாள். "தப்புதான் சார்."

"சாப்ட்டியாம்மா?" என்று அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டான். அம்மா கேமராவை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். பாவம், வசந்தியைப் பற்றி வாய் திறக்கவே பயம் போலிருக்கிறது என்று அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இது முதல் தடவை இல்லை. போன வாரம் மத்தியானம் வரை அம்மாவுக்குத் தலை வாரிவிடவில்லை. அதற்கு முன்னால் ஒரு நாள், அம்மாவின் தட்டிலிருந்தே பப்படத்தை எடுத்துக் கடித்தாள். எல்லாம் கேமராவுக்கு நேர் எதிரே.

"திருடன்கூட கேமராவுக்கு முதுகு காட்டுவான். இவளுக்கு அந்த மரியாதைகூடத் தெரியலையே" என்று பக்கத்து சீட் விஸ்வநாத் சிரித்தான்.

ஏஜென்சி ஆள் என்றால் ஒரு போனில் மாற்றிவிடலாம். வசந்தி தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஏஜென்சி இல்லாமல் தானாக வேலை பார்க்கிறவள். நேரில் போய்த்தான் நிறுத்த வேண்டும். பக்கத்துத் திருப்பூணித்துறையிலேயே குடியிருந்துகொண்டு, சித்திரையில் விஷுவுக்குப் போனவன் ஓணத்துக்குக்கூட அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது இவளுக்காக ஒரு லீவு.

மறுநாள் காலை சொல்லாமல் போய் நின்றான். அம்மாவின் தலை படிய வாரிப் பின்னியிருந்தது. வீடு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வேண்டாம்" என்றான்.

வசந்தியின் முகம் சுருங்கிவிட்டது. மகள் இங்கேதான் ப்ளஸ் டூ படிக்கிறாள், பரீட்சை முடிகிறவரைக்குமாவது இருந்துகொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். அவன் அசையவில்லை. ஏன் அப்படியெல்லாம் செய்தாய் என்று கேட்டதற்கு மட்டும் அவள் வாயைத் திறக்கவே இல்லை. பையை எடுக்க உள்ளே போனாள்.

"அவ அதெல்லாம் வேணும்னேதான் பண்றா, கேட்டியோ" என்றாள் அம்மா.

"தெரியும்மா. அந்தத் திமிருக்குத்தான் அனுப்பறேன்."

"யாருக்குடா திமிர்?" என்றாள் அம்மா. "நான் போன் பண்ணினா மீட்டிங்னு வெச்சுடறாய். மொதல்ல ஒரு நாள் அவ நெஜமாவே அசந்து என் கட்டில்ல படுத்துட்டா. நீ அங்கேர்ந்து கத்தினாய். சாப்ட்டியான்னு எங்கிட்டயும் கேட்டாய். அன்னிக்கு நான் ரெண்டு வாய் கூடவே சாப்ட்டேன். அதை அவ பார்த்துட்டா."

சங்கர்ராம் உள்ளே திரும்பிப் பார்த்தான். வசந்தி தலை நிமிராமல் பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் நான் மிண்டாம, ஒரு வார்த்தை பேசாம, சாதம் வேண்டாம்னு உக்காந்தேன்னா, பீன்ஸை என் கையில குடுத்துட்டு அவ போய்ப் படுத்துப்பா. உங்கிட்ட அத்தனை பேச்சும் கேட்டுட்டு, எனக்குத் தட்டை எடுத்துண்டு வருவா."

"அம்மா..."

"அவளை அனுப்பிட்டு, இனிமே யாரைத் திட்டற சாக்குலடா எங்கிட்டப் பேசுவாய்?"